லிகேஸுக்குப் பூச்சியம்

புஹாரி சேர் நீட்டிய விடைத்தாளில் வெற்றிலைச் சிவப்பு அப்பியிருந்தது. லரீபா அதை நுனிவிரலால்தான் வாங்கினாள். 1982இல் பதுளைப் பாடசாலையொன்றுக்கு உயர்தர விலங்கியல் படிப்பிக்க வந்த புது டீச்சர் அவள். அவரோ பதினொரு வருடமாக அதே பாடத்தை ஒரே கொப்பியிலிருந்து வாசித்து எழுத வைப்பவர். அந்தப் பாடத்துக்கு இருந்தது இவர்கள் இருவரே என்பதால், தவணைப் பரீட்சையில் அவர் போடும் புள்ளிகளைச் சரிபார்த்து ஒப்பமிடுவது அவள் வேலை.

தாள் இராக்கம்மாவுடையது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை. டி.என்.ஏ. இரட்டிப்பில் நொதியங்களின் பங்கு என்ன என்பது கேள்வி. லரீபா இரவல் கொடுத்த புத்தகத்தைப் படித்து, இராக்கம்மா தன் சொந்த வசனத்தில் எழுதியிருந்தாள். ஹெலிகேஸ் இரண்டு இழைகளையும் பிரிக்கிறது. பிரைமேஸ் தொடக்கத் துண்டை வைக்கிறது. பொலிமரேஸ் ஒரே திசையில்தான் கட்டிக்கொண்டு போகும் என்பதால் ஓர் இழை துண்டு துண்டாகவே உருவாகிறது. அவற்றை லிகேஸ் ஒட்டுகிறது. சேர் குறுக்கே கோடிழுத்துப் பூச்சியம் போட்டிருந்தார். அவர் கொப்பியில் எல்லா வேலையும் பொலிமரேஸுக்குத்தான்.

லரீபா புத்தகத்தை விரித்துக் காட்டினாள். அவர் குனிந்தும் பார்க்கவில்லை.

"எனக்கும் தெரியும் டீச்சர். இப்ப மாத்தினா, இவ்வளவு காலமும் பிழையாப் படிப்பிச்சேன்னு ஆகிடுமே. தோட்டத்துப் புள்ள தானே, விடுங்க."

தெரியாமல் செய்திருந்தால் பொறுத்திருப்பாள். தெரிந்தே செய்திருக்கிறார் என்றதும் அவர் மேல் அருவருப்பு வந்தது. பூச்சியத்தை வெட்டி முழுப் புள்ளியும் போட்டு, அதிபரிடம் கொண்டுபோனாள். சண்டை பிடிக்க வேண்டாம் என்று இருவருக்கும் சொல்லிவிட்டு, அதிபர் அந்தப் புள்ளியையே பதிந்துகொண்டார். செய்தி கேட்ட இராக்கம்மா சந்தோஷப்படவில்லை.

"சேர் கோவிச்சுக்குவாருங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தப் பயம், புஹாரியை நினைத்து லரீபாவை இன்னும் அருவருக்க வைத்தது.

திங்கட்கிழமை அவள் வகுப்பைத் தாண்டிப் போனபோது புஹாரியின் குரல் கேட்டது. ஹெலிகேஸ் பிரிக்கிறது, பிரைமேஸ் வைக்கிறது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இராக்கம்மாவின் வசனங்கள்; ஒரு சொல்கூட மாறவில்லை. இதையெல்லாம் தான் எப்போதோ சொன்னதாகவும், பிள்ளைகள்தான் கவனிக்கவில்லை என்றும் இடையிடையே கடிந்துகொண்டார். முன்வரிசையில் இராக்கம்மா தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

லரீபாவால் தாங்க முடியவில்லை. வாசலில் நின்றாள்.

"இராக்கம்மா, நீ எழுத வேணாம். அது ஒன்ட விடை தானே."

வகுப்பே திரும்பியது. அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிப் பேனையைக் கீழே வைத்தது.

அடுத்த தவணை அதிபர் லரீபாவிடமிருந்து உயர்தர வகுப்பை எடுத்துவிட்டார்; ஆறாம் வகுப்புகள் மட்டுமே கிடைத்தன. புஹாரியோடு ஒரே ஆசிரியர் அறையில் இருக்கப் பிடிக்காமல், தன் கதிரையை ஆய்வுகூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.