கறுத்த சுருள்கள் முதலில்

காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரின் ஆவி கண்ணைக் கரித்தது. எவாசியோ மொராந்தோ நீளக் கழியால் பிலிம் சுருள்களைத் தொட்டிக்குள் அமுக்கி அமுக்கிக் கிளறினார். கிளறும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வது அவர் வழக்கம். ஊறிய பிலிமைச் சுரண்டும் மேசையில் இருந்த பெண்களுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்புத்தான்.

"என்ன டைரக்டரே, பொம்பளைங்க குளிக்கிற இடத்துக்கு வந்த மாதிரி திரும்பிக்கிறீங்க?" என்று டெல்பினா கேட்டாள்.

"சிரிம்மா, சிரி. இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க எடுத்த படம். கரையறதை என்னால பாக்க முடியல."

தூரின் நகரத்தில் படக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திவாலாகிக்கொண்டிருந்தன. டோரா ஆற்றங்கரையில் இருந்த இந்தப் பட்டறை பழைய படங்களை எடைக்கு வாங்கியது. சோடாத் தண்ணீரில் ஊறினால் படம் கரைந்து வெள்ளி அடியில் தங்கும். கண்ணாடியாகிவிட்ட பிலிமைச் சீப்புச் செய்பவர்கள் வாங்கிப் போவார்கள். டெல்பினாவும் ஒரு காலத்தில் மொராந்தோவின் கம்பெனியில்தான் இருந்தாள். இரவுக் காட்சியை நீலத்திலும் நெருப்பைச் சிவப்பிலும் முக்கி எடுக்கும் சாயத்தொட்டி வேலை. இப்போது அவள் விரல் நுனிகள் சோடா பட்டு வெந்து கிடந்தன.

மொராந்தோ முன்பு பெரிய ஆள். போ ஆற்றங்கரையில் பலகையும் சுண்ணாம்புமாக ஒரு நகரத்தையே கட்டி, டிராம் கொட்டகைக்காரர்கள், ரொட்டிக் கடைக்காரர்கள் என்று இரண்டாயிரம் பேரைக் கூட்டி வந்து ஓடவிட்டு, அதைக் கொளுத்திப் படம் எடுத்தவர். காமிராவைச் சக்கரத்தில் ஏற்றி நெருப்புக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனார். பாரிஸிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து அந்தச் சக்கரத்தை அளந்துகொண்டு போனார்கள். பிறகு உலக யுத்தம் வந்தது, கம்பெனி கடனில் மூழ்கியது, படச் சுருள்கள் இருந்த கிடங்குக்குக் கோர்ட்டு சீல் வைத்தது. அதற்குப் பிறகு அவரைக் கூப்பிட ஒரு நாய்கூட இல்லை.

போன மாதம்தான் பரோதி என்ற ஜெனோவாக்காரன் தேடி வந்தான். புவனஸ் அயர்ஸில் அவனுக்கு நாலு சினிமாக் கொட்டகை இருந்தது. "அங்க இருக்கற நம்ம ஜனங்க இன்னும் உங்க நெருப்பைப் பத்தித்தான் பேசறாங்க. மூல நெகட்டிவோட வாங்க, உங்களையே டைரக்டரா வெச்சுக்கறேன். நெருப்பு இல்லேன்னா படமும் வேண்டாம், நீங்களும் வேண்டாம், இப்பவே சொல்லிட்டேன்" என்றான். வருகிற சனிக்கிழமை கப்பல். மொராந்தோவின் மனைவி எர்சிலியா இருமலோடு எழுந்து உட்கார்ந்து பெட்டி கட்டினாள். பிப்ரவரிக் குளிரில் அறையைச் சூடாக்கும் அடுப்பைக்கூட விற்றாகிவிட்டது. கிளம்பப் போகிறவர்களுக்கு அடுப்பு எதற்கு?

கிடங்குச் சரக்கை ஏலத்தில் எடுத்தது இந்தப் பட்டறைதான் என்று தெரிந்ததும் மொராந்தோ இங்கேயே கூலிக்குச் சேர்ந்துவிட்டார். அவருடைய படத்தின் சுருள்களை ஒதுக்கிக்கொள்ள மேஸ்திரி நத்தாலே சம்மதித்திருந்தான். சரக்கு வியாழக்கிழமை வரும் என்றிருந்தார்கள். இன்று புதன்.

மத்தியானம் டெல்பினா சோளக்களிக் கிண்ணத்தைக் கழுவக் கொல்லைப் பக்கம் போனவள், ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"டைரக்டரே, ஓடி வாங்க! நம்ம கம்பெனி சரக்கு வந்து கொட்டிக் கிடக்கு!"

டப்பாக்களைத் தகரக்காரன் அப்போதே கொண்டுபோய்விட்டிருந்தான். வெறும் சுருள்கள் ஈரத் தரையில் குவிந்து கிடந்தன. இருவரும் மண்டியிட்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். துறைமுகக் காட்சி கிடைத்தது. கல்யாணம் கிடைத்தது. சிறைச்சாலை கிடைத்ததும் மொராந்தோ சிரித்தேவிட்டார். குவியல் குறைந்துகொண்டே வந்தது. நெருப்பு மட்டும் வரவில்லை.

"எங்க போயிடும், இருக்கும்" என்று டெல்பினா சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசிச் சுருளையும் பார்த்தாயிற்று. அவள் எழுந்து நத்தாலேயிடம் போனாள்.

"இது எப்ப வந்துச்சு?"

"விடியும்போதே. லாரி சும்மா நிக்குதுன்னு ஒரு நாள் முன்னாடியே அனுப்பிட்டாங்க."

"இதுல ஏதாச்சும் எடுத்தியா?"

"கறுத்த சுருளை மட்டும் பொறுக்கி முதல்ல போட்டேன். எப்பவும் அப்படித்தானே? அதுலதானே வெள்ளி ஜாஸ்தி."

டெல்பினா குவியலைத் திரும்பிப் பார்த்தாள். படத்தில் எங்கே வெளிச்சம் கொட்டுகிறதோ அங்கே நெகட்டிவ் கறுத்திருக்கும். அந்த நெருப்பைவிட வெளிச்சமாக யார் எதை எடுத்தார்கள்?

"எந்தத் தொட்டிடா?"

நத்தாலே தாடையால் காட்டினான். "பெரியவர் தொட்டிதான்."

உலர்த்தும் கொடியில் காலைச் சரக்கு தொங்கிக்கொண்டிருந்தது. கம்பெனிச் சுருள் ஒவ்வொன்றின் முன் நுனியிலும் நட்சத்திர வடிவில் ஓர் ஓட்டை குத்தியிருப்பார்கள். மொராந்தோ கொடி கொடியாகத் தடவிக்கொண்டே போனார். நட்சத்திரம் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பிலிம் வழியாக எதிர்ச்சுவர் பளிச்சென்று தெரிந்தது.

"ஐயோ, நானே கிண்டினேனே!" அவர் நெற்றியில் அறைந்துகொண்டார். "ஒரு தடவை பாத்திருந்தா போதும். கையில இருந்துச்சும்மா, என் கையிலதான் இருந்துச்சு!"

"நாசமாப் போறவனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று டெல்பினா நத்தாலேயின் சட்டையைப் பிடித்தாள்.

"டப்பா இல்லாம எது அவர் படம்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? எல்லாமே கறுப்பாத்தானே இருக்கு."

சாயங்காலம் பரோதி வந்தான். வாசலிலேயே நின்று, "நெருப்பு?" என்றான். மொராந்தோ தலையை அசைத்தார்.

"மறுபடி எடுத்துத் தர்றேங்க. இதைவிட நல்லா எடுப்பேன். என்னை மட்டும் கூட்டிட்டுப் போங்க."

"எடுக்கறதுக்கு ரெண்டாயிரம் பேர் எங்க? கொளுத்த ஊர் எங்க? என்ன பெரியவரே நீங்க!" பரோதி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "உடம்பைப் பாத்துக்குங்க."

அவன் போன பிறகு அவர் தொட்டியோரம் வந்து உட்கார்ந்தார். எர்சிலியாவிடம் போய் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இன்றைக்கு ராத்திரி அந்த அறையில் அவளை எதைப் போட்டுப் போர்த்துவது என்றும் தெரியவில்லை.

நத்தாலே தொட்டியை வடித்து, அடியில் தங்கிய சாம்பல் நிறச் சேற்றை அள்ளித் தட்டில் பரப்பினான். ஒரு தட்டு நிறைந்து இன்னொன்றும் நிறைந்தது. அவன் முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! நான் வந்த நாளா எந்தப் படத்துலயும் இவ்வளவு வெள்ளி பாத்ததில்ல. நல்லாக் கரைச்சிருக்கீங்க பெரியவரே. நாளையிலேருந்து கறுத்த சுருள் பூரா உங்க தொட்டிக்குத்தான். கூலியும் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்றேன்."

டெல்பினா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மொராந்தோ எழுந்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப உபகாரங்க" என்றார்.