ரெண்டரை சாண்

எங்கள் வீட்டு சோபாமேல் எனக்கு ஒரு வருடமாகவே கோபம். அதை வாங்கியது என் வீட்டுக்காரர். கடையில் உட்கார்ந்து பார்த்தாராம், மேகத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். மேகத்தில் உட்கார்ந்தவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள் என்று கடைக்காரனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

போன தடவை என் அக்கா வந்தபோது அந்த மேகத்தில்தான் உட்கார்ந்தாள். பேசிச் சிரித்து முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. முழங்கால் இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன. மறுபடி முயற்சி செய்தாள். நான் ஒரு பக்கம் கையைக் கொடுத்தேன், இவர் மறு பக்கம் கையைக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் வேடிக்கையாக, "ஐலசா!" என்று ஒரு குரல் விட்டார்.

அக்காவும் சிரித்தாள். ஆனால் சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அது சிரிப்பே இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அத்தான் போனதிலிருந்து அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எங்களோடு வந்து இருந்துவிடு என்று நான் கேட்காத நாளில்லை. அந்தச் சோபா விஷயத்துக்குப் பிறகு அவள் பிடி கொடுத்தே பேசுவதில்லை. கடைசியில் ஒரு நாள் போனில் மனம் இறங்கினாள்.

"ஒரு வாரம் வந்து இருந்து பாக்கறேன். உக்காரவும் எந்திரிக்கவும் யாராவது என்னைத் தூக்கிவிட ஆரம்பிச்சீங்கன்னா, அதோட சரி. அப்புறம் நீ என்னைக் கூப்பிடவே கூடாது."

"தூக்கிவிட மாட்டோம்."

"உன் வீட்டுக்காரர் ஐலசா போடுவார்."

"போட மாட்டார். நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கே நாற்காலி தேட ஆரம்பித்தேன். கடைகளில் இருந்ததெல்லாம் அந்த மேகத்தின் உறவுக்காரர்கள். கெட்டியாக, நேராக, கை வைத்து எழுந்திருக்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் நானே செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். இணையத்தில் தேடி ஒரு வரைபடத்தை எடுத்து அச்சடித்தேன். முதல் பக்கத்தில் ஒருவன் தான் செய்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். தலைமுடி கலையவில்லை, சட்டையில் ஒரு துளி மரத்தூள் இல்லை. ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று கீழே எழுதியிருந்தது.

எனக்கு ஒரு மாதம் ஆனது.

மர வேலையில் எனக்கிருந்த முன் அனுபவம், ஒருமுறை சுவரில் ஆணி அடித்து அது வளைந்ததுதான். ஆனால் நான் பிடித்தால் விட மாட்டேன். பலகைகளை மரக்கடையில் அளவுக்கு அறுத்து வாங்கினேன். துணி காயப்போடும் பின் அறை பட்டறையானது. டிரில் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். மூலை மட்டம் வைத்துக் கோடு போடக் கற்றுக்கொண்டேன். பசை தடவினால் இறுக்கிக் கட்டிவிட்டு, மறுநாள் வரை தொடாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொள்ளவே முடியவில்லை. இவர் டீயில் மரத்தூள் மிதந்தது. "நார்ச்சத்து, குடிங்க" என்றேன்.

வரைபடத்தில் இருக்கை உயரம் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் என்று இருந்தது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சிரிக்கிறவன் முழங்காலுக்குச் சரியாக இருப்பது என் அக்கா முழங்காலுக்குச் சரியாக இருக்க வேண்டுமா? அக்கா வீட்டில் ஒரு பழைய மர நாற்காலி உண்டு. வீட்டு ஓனருடையது, அதனால் எடுத்துவர முடியாது. அதிலிருந்து அவள் சுலபமாக எழுந்துவிடுவாள். போன் போட்டேன்.

"அந்த நாற்காலி தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்? டேப் வெச்சு அளந்து சொல்லு."

"டேப்பை எங்கடி போய்த் தேடறது? இரு, சாண் போட்டுச் சொல்றேன்." கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "ரெண்டரை சாண். கரெக்டா ரெண்டரை."

எனக்கு அதுவே போதும். நாங்கள் இருவரும் ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவர்கள். கட்டிலின் அகலத்தைச் சாண் போட்டுத்தான் பாகம் பிரித்துக்கொள்வோம். அவள் அளந்தாலும் நான் அளந்தாலும் எல்லை ஒரே இடத்தில்தான் வரும். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எங்கள் கைகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. எல்லையில் சண்டை போட முடியாததால் போர்வைக்குச் சண்டை போட்டோம்.

என் சாண் இருபத்திரண்டு சென்டிமீட்டர். ஆக, ரெண்டரை சாண் ஐம்பத்தைந்து. வரைபடத்தில் நாற்பத்தைந்தை அடித்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினேன். கால்களைப் பத்து சென்டிமீட்டர் நீட்டினேன். உயரமாக இருந்தால் முழங்காலுக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடிந்ததும் இவர் உட்கார்ந்து பார்த்தார். ஆறடி மனுஷர். அவர் குதிகாலே தரையில் பட்டும் படாமலும் இருந்தது.

"கொஞ்சம் ஒசரமோ?" என்றார்.

"உங்களுக்கா செஞ்சேன்?"

"இல்ல, பந்தல் போட உபயோகமா இருக்கும்னு சொல்ல வந்தேன்."

மேகம் வாங்கியவருக்கு நாற்காலியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கிறது? உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கைப்பிடியைத் தேய்க்கப் போய்விட்டேன். பட்டுப் போல ஆகும்வரை தேய்த்தேன்.

அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் ஒரே ஒரு பை. அதை வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். "உள்ள கொண்டு போறேன்" என்று நான் குனிந்தபோது, "இருக்கட்டும், அப்புறம் பிரிச்சுக்கறேன்" என்றாள். அப்புறம் என்பது எப்போது என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

நாற்காலியைக் காட்டினேன். சுற்றிவந்து பார்த்தாள். முதுகுப் பலகைகளை உள்ளங்கையால் தடவினாள்.

"நீயாடி செஞ்சே? ஆணி அடிக்கத் தெரியாது உனக்கு."

"உக்காந்து பாரு."

உட்காருவதற்கு அவள் ஏற வேண்டியிருந்தது. முதலில் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தாள், இருக்கை இடுப்புக்குக் கீழே இடித்தது. ஒரு எம்பு எம்பி உட்கார்ந்தாள். பாதங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. பெருவிரல் தரையைத் தேடியது.

இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் செய்த எதையும் அக்கா முதல் வார்த்தையிலேயே நல்லா இருக்கு என்று சொன்னதே கிடையாது. நன்றாக இருந்தால் குறை சொல்வாள். வேற்று மனுஷர்களிடம்தான் நல்லா இருக்கு என்பாள்.

அவள் சறுக்கி இறங்கப் பார்த்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்தது. என்னை அறியாமல் என் கை அவள் அக்குளுக்கு அடியில் போய்ப் பிடித்துக்கொண்டது.

"கையை எடு."

எடுத்தேன். அவள் நின்று புடவையைச் சரிசெய்துகொண்டாள். கண் வாசலில் இருந்த பைக்குப் போனது.

"சாயங்காலம் ஏதாவது பஸ் இருக்கா மாப்பிள்ளை?" என்று இவரிடம் கேட்டாள்.

அழுகைதான் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதம் தூசி தின்றிருக்கிறேன். அவள் போய்விட்டால் இனி கூப்பிடவும் முடியாது. வாய் என் கட்டுப்பாட்டில் இல்லை.

"நீதானே ரெண்டரை சாண்னு சொன்னே?"

"ஆமா, ரெண்டரைதான்."

"இதுவும் ரெண்டரைதான்!"

"இதுவா? கண்ணு தெரியுதா உனக்கு?"

நாற்காலியைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் சாய்த்தேன். காலின் அடியிலிருந்து கையை விரித்து அளந்தேன். ஒன்று. இரண்டு. அப்புறம் அரை. இருக்கையின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"பாரு. ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது."

"தள்ளு. உனக்கு அளக்கத் தெரியல."

அக்கா தன் கையை வைத்தாள். கட்டைவிரலைக் காலின் அடியில் ஊன்றினாள், மற்ற விரல்களை விரித்தாள். விரித்தாள் என்பது அவள் எண்ணம். சுண்டுவிரல் பாதியில் நின்றுவிட்டது. நடுவிரல் உள்ளே மடங்கியே இருந்தது. அவள் ஒவ்வொரு சாணாகப் போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது சாணுக்குப் பிறகும் இருக்கை கொஞ்சம் தள்ளியிருந்தது.

நான் என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் மரத்தில் வைத்தேன். ஒரே கட்டிலைப் பாகம் பிரித்த கைகள். என் சுண்டுவிரல் அவளுடையதைத் தாண்டி எங்கோ இருந்தது.

இந்தக் கைக்குத்தான் எங்கள் வீட்டில் திறக்காத மூடியெல்லாம் போகும். அக்கா மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். எத்தனை இறுகிய பாட்டிலாக இருந்தாலும் ஒரு திருகு திருகினால் திறந்துவிடும்.

"டேப் டிராயர்லதான் இருந்தது" என்றாள் அக்கா, கையை எடுக்காமலே. "நுனியைப் புடிச்சு இழுக்க முடியல. அதான் சாண் போட்டேன். சாணும் இப்படிக் குறைஞ்சிருக்கும்னு தோணவே இல்லடி. என் கை நல்லா விரிஞ்சுதான் இருக்குன்னு நெனச்சுட்டேன்."

"எத்தனை நாளா?"

"ஆச்சு."

"மருந்து பாட்டில் எல்லாம்?"

"கடையிலயே திறந்து வாங்கிட்டு வந்துடுவேன்."

இப்போது எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் முயற்சி செய்யவில்லை. அக்கா சிறிது நேரம் பார்த்தாள். அப்புறம் முழங்கையால் என்னை இடித்தாள்.

"மூக்கைச் சிந்திட்டு வா. பென்சில் எங்க?"

"எதுக்கு?"

"கோடு போட. என் கையில ரெண்டரை."

இருக்கை விளிம்பிலிருந்து இரண்டு சாண் போட்டு, அரைச் சாணுக்கு மடங்கிய விரலை வைத்து இடம் காட்டினாள். அந்த இடத்தில் கோடு போட்டேன். டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். நாற்பத்தைந்து. வரைபடமும் சரி, அக்காவும் சரி. தப்பு நான் ஒருத்திதான். முதல் பக்கத்தில் அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

இருக்கையிலிருந்து நாற்பத்தைந்து விட்டு, மிச்சத்தை அறுத்தெறிய வேண்டும். மூலை மட்டத்தை வைத்து நாலு கால்களிலும் நாலு பக்கமும் கோடு போட்டேன். ரம்பத்தை வைத்து இழுத்ததும் நாற்காலி மேசைமேல் ஆட ஆரம்பித்தது. இவர் பிடிக்க வந்தார்.

"நீங்க நகருங்க மாப்பிள்ளை. வெரல்தானே மடங்கிப் போச்சு, நான் முழுசா மடங்கிடலையே" என்று அக்கா இரண்டு முன்கைகளையும் நாற்காலியின்மேல் போட்டு, மொத்த உடம்பையும் சாய்த்தாள். நாற்காலி அசையவில்லை.

நான் அறுத்தேன். அவள் அதட்டினாள்.

"கோட்டுக்கு வெளிப்பக்கம் அறு. வெளிப்பக்கம்டி! ஏன் இப்படி அவசரப்படறே, ரம்பம் ஓடியா போயிடும்? என்ன கோடு இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

எனக்கு உயிர் வந்தது. குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

நாலு துண்டுகளும் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. நாற்காலியை இறக்கி வைத்தேன். ஒரு கால் மயிரிழை குட்டை. இவர் அட்டையை மடித்து அடியில் வைத்துவிட்டு, தன் பங்குக்கு வேலை முடிந்த மாதிரி கையைத் தட்டிக்கொண்டார்.

அக்கா உட்கார்ந்தாள். ஏறவில்லை, உட்கார்ந்தாள். இரண்டு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்தன. கைப்பிடியை விரலால் பற்றவில்லை. முன்கைகளை அப்படியே அதன்மேல் படுக்க வைத்துக்கொண்டாள். மரக்கடையில் மெலிதான பலகை கிடைக்காததால் கைப்பிடி வரைபடத்தில் இருந்ததைவிட அகலமாகப் போயிருந்தது. அதற்காக ஒரு வாரம் வருத்தப்பட்டிருக்கிறேன்.

இனி எழுந்திருக்க வேண்டும். நான் என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டேன். இவர் வாய் லேசாகத் திறந்தது. நான் முறைத்தேன். மூடிக்கொண்டார்.

"மாப்பிள்ளை" என்றாள் அக்கா. "அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே, அதை இப்ப சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். "வேணாங்கா. அது ஏதோ வாய் தவறி..."

"சும்மா சொல்லுங்க."

"ஐலசா" என்றார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர் போல.

"சாப்பிடலையா? சத்தமா."

"ஐலசா!"

அக்கா முன்கைகளை அழுத்தினாள். முழங்கால் ஒரு நொடி நடுங்கியது. என் விரல்கள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டன. அவள் எழுந்து நின்றாள். யாரும் தொடவில்லை.

நின்றவள் திரும்பி நாற்காலியை மேலும் கீழும் பார்த்தாள்.

"முதுகு கொஞ்சம் சாய்வு பத்தாது" என்றாள். "அடுத்த தடவை செய்யும்போது கவனிச்சுக்கோ."

பிறகு மெதுவாக நடந்து வாசலுக்குப் போனாள். பைக்குப் பக்கத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கறே? இந்த ஜிப் என் கைக்கு வர மாட்டேங்குது. வந்து திறந்து விடு."