பைபாஸ் சாவி

காலை ஒன்பது பத்து. ஷெர்லினின் திரையில் மறுபடியும் சிவப்பு வரி வந்து நின்றது. நான்கு நாளில் இது பதினேழாவது முறை.

"இன்னாமா, நம்ம பிரஸ்ஸு கூட இத்தினி வாட்டி டிரிப் ஆவாது போலகீதே" என்றார் பக்கத்தில் நின்ற பிரஸ் ஆபரேட்டர் நாகப்பன்.

"சும்மா இருங்கண்ணா. நானே கடுப்புல இருக்கேன்."

"இன்ஜின்னு தான சொன்ன? ஆயில் மாத்திப் பாரு."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே அவருடைய வலது கையைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரைக்குத் திரும்பினாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருக்கிற கை. நடுவில் மூன்றும் போன ஜூலையில், இரும்புத் தகட்டை அமுக்கி வடிவம் கொடுக்கிற நான்காம் நம்பர் பிரஸ்ஸில் போயின.

அந்த விபத்தைத்தான் அவள் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்தாள். ஒரகடம் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்கள் கண்ணில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மெஷின் முன்னால் நிற்பதுபோல நின்று, என்ன செய்தால் கை போகும் என்று நேரில் பார்க்கிற பாதுகாப்புப் பாடம். எட்டு மாதம் லைனில் நின்ற ஷெர்லின், மண்ணூர் வீட்டில் பழைய லேப்டாப்பில் முப்பரிமாண உருவம் செய்யப் பழகியவள். யார் செய்வது என்று கேட்டபோது கையைத் தூக்கி "எனக்குத் தெரியும் சார்" என்றாள். உருவமெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. அதை ஹெட்செட்டுக்குள் ஓட்ட ஒரு கேம் என்ஜின் வேண்டும். கான்ட்ராக்ட் பெண்ணுக்கு விண்டோஸ் லைசென்ஸ் தர முடியாது, லினக்ஸில் பார்த்துக்கொள் என்று ஐ.டி. ஆட்கள் கையைக் கழுவினார்கள். இந்த ஹெட்செட்டோடு பேச வைக்க, என்ஜினின் மூலநிரலை இறக்கி, ஏழாயிரத்துச் சொச்சம் துண்டுகளை ஒவ்வொன்றாக இந்தக் கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்தாக வேண்டும். முதல் நாள் டிஸ்க் நிரம்பியது. இரண்டாம் நாள் கிராபிக்ஸ் டிரைவரைப் போட்டதும் திரையே கறுத்துப்போனது. நேற்று மெமரி போதாமல் பாதியில் செத்தது. இன்று மூன்று மணிக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஐந்து பேர் ஆடிட்டுக்கு வருகிறார்கள்.

ஒரே நேரத்தில் பதினாறு துண்டு வேண்டாம், நான்கு போதும் என்று மாற்றினாள். எண்டரைத் தட்டினாள். எண் ஓட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று...

"அது ஓடட்டும். நீங்க இதப் பாருங்கண்ணா. அசல் மாதிரி இருக்கான்னு சொல்லத்தானே உங்கள வரச் சொன்னாங்க."

வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய லேப்டாப்பில் நான்காம் நம்பர் பிரஸ்ஸை மெல்லச் சுழற்றிக் காட்டினாள். நாகப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பதினோரு வருஷம் நின்ற மெஷின். பச்சை பெயிண்ட் உரிந்த இடத்தைக்கூட விடவில்லை இந்தப் பெண். "அடேங்கப்பா" என்றார். தகட்டின் மேல் இறங்கும் டையைப் பார்த்தார். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சாரைப் பார்த்தார். பிறகு அவருடைய சுண்டுவிரல் ஓரிடத்தில் நின்றது.

"இது இன்னாது?"

"பைபாஸ் சாவி. சென்சார ஆஃப் பண்றது."

"அது தெரியும். இங்க இன்னாத்துக்குத் தொங்குது?"

"ஆபரேட்டர் திருப்பறான்னு ஸ்கிரிப்ட்ல இருக்கே."

நாகப்பன் நிமிர்ந்தார். "ஆபரேட்டர் கைக்கு அது எப்டிமா வரும்? அது நம்ம இன்சார்ஜ் ஸ்ரீதர் சாரு பெல்ட்டுல கீற சாவிக்கொத்துல தான கெடக்கும். அன்னிக்கு சென்சார் சும்மா சும்மா டிரிப் ஆச்சு. பீஸ் கவுண்ட் வரலன்னு அவருதான் வந்து திருப்பிட்டு போனாரு. நான் ஒரு நாளும் அத்த தொட்டதில்ல."

ஷெர்லின் சாவியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தச் சாவியைச் செய்தது அவள். பளபளப்புப் போதவில்லை என்று அரைநாள் அதற்கு மெருகேற்றியதும் அவள்.

"என்கொயரில சொல்லலையாண்ணா?"

"ஆஸ்பத்திரில பேப்பர் எட்டாந்தாங்க. எடது கையால கையெழுத்து போடறதே பெரும்பாடு. படிக்கச் சொல்றியா?" சுண்டுவிரலைத் திரையிலிருந்து எடுத்தார். "எம்பொண்ணு கலைமதி அடுத்த மாசம் இங்க அப்ரெண்டிஸா வரா. மொத நாளு இத்த தான மாட்டுவாங்க அவளுக்கு?"

ஷெர்லின் மற்றத் திரைக்குத் திரும்பினாள். எண் நானூறைத் தாண்டியிருந்தது.

இரண்டு மணிக்கு ஸ்ரீதர் வந்தார். புரொடக்‌ஷன் இன்சார்ஜ், சேஃப்டி டிரெயினிங்கும் அவர் பொறுப்புதான். இடுப்பில் சாவிக்கொத்து.

"சார், பைபாஸ் சாவி மெஷின்ல இருக்காதாமே?"

"யார் சொன்னா?" கேட்டது அவளை. பார்த்தது நாகப்பனை. "ஆபரேட்டர்தான் திருப்பினான்னு என்கொயரி ரிப்போர்ட்ல இருக்கும்மா. அன்னைக்கு சாவி மெஷின்ல இருந்துச்சு. ரிப்போர்ட்ல இருக்கறத நீ வரையற, அவ்ளோதான் உன் வேலை. முப்பதாம் தேதி உனக்கு கான்ட்ராக்ட் ரின்யூவல் இல்ல?" குரலை இறக்கினார். "நாகப்பா, உனக்கு ஸ்டோர்ஸ்ல உக்காந்து பாக்கற வேலைக்கு எழுதிட்டேன்பா. தெரியுமில்ல?"

நாகப்பன் தலையாட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

ஷெர்லின் திரையைப் பார்த்தாள். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். நான்கு நாளாக எந்தச் சிவப்பு வரியைப் பார்த்துப் பயந்தாளோ, அது இப்போது வராதா என்று ஏங்கினாள். டிஸ்க் நிரம்பட்டும். மெமரி சாகட்டும். கீபோர்டில் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். இடது கை அந்த இடத்துக்குப் போயும்விட்டது. முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்து சத்தம் கேட்டது. கை மடிக்குத் திரும்பியது.

இரண்டு நாற்பதுக்கு ஓட்டம் நின்றது. பிழைகள்: பூஜ்யம். நாலு நாளாக அடம்பிடித்த ஹெட்செட்டை லினக்ஸ் முதல் தடவையிலேயே கண்டுகொண்டது.

"சபாஷ்!" ஸ்ரீதர் அவள் முதுகில் தட்டப் போய், நிறுத்திக்கொண்டார். "நாகப்பனே மாட்டட்டும். விசிட்டர்ஸுக்கு டச்சிங்கா இருக்கும்."

மூன்று மணி. ஐந்து பேர், கழுத்தில் அட்டை, கையில் டீ. நாகப்பன் பார்ப்பதெல்லாம் சுவரிலிருந்த பெரிய டி.வி.யில் தெரிந்தது. அவர் கைகளைத் தூக்கினார். டி.வி.யில் இரண்டு கைகள் எழும்பின. பத்து விரல்கள். ஹெட்செட்டின் கேமரா இல்லாத விரல்களையும் கணக்குப் போட்டு நிரப்பிவிட்டது. ஒரு விசிட்டர் "அய்யோ" என்றார், மெதுவாக. நாகப்பன் வலது கையை ஒருமுறை மூடித் திறந்தார்.

மஞ்சள் அம்புக்குறி மின்னியது. 'சாவியைத் திருப்பவும்.'

நாகப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். டி.வி.யில் கைகள் மறைந்தன. பச்சை மெஷின், தொங்கும் சாவி, மின்னும் அம்புக்குறி.

அரை நிமிஷம். ஒரு நிமிஷம். யாரோ டீயை உறிஞ்சும் சத்தம்.

"திருப்பு நாகப்பா" என்றார் ஸ்ரீதர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்குத் தெரியாது சார்."

"ஷெர்லின், நீ அடுத்ததுக்குத் தள்ளிவிடு."

"முடியாது சார். கை போய் திருப்பினாத்தான் நகரும்." பொய் இல்லை. தள்ளிவிடும் பட்டன் வைக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

விசிட்டர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்ரீதர் சிரித்தார். "பாவம், பயப்படறார். நான் காட்டறேன்" என்று ஹெட்செட்டை நாகப்பன் தலையிலிருந்து கழற்றித் தானே மாட்டிக்கொண்டார்.

விசிட்டர்கள் டி.வி.யைப் பார்த்தார்கள். ஷெர்லினும் நாகப்பனும் அவர் கையைப் பார்த்தார்கள். வெறும் காற்றில் அது நேராகச் சாவிக்குப் போனது. வெறுமனே திருப்புகிற மாதிரிதான் அவள் செய்திருந்தாள். ஸ்ரீதரின் கட்டைவிரல் முதலில் உள்ளே அமுக்கியது. அப்புறம் அரைச் சுற்று. மணிக்கட்டுக்குப் பழகிய திருப்பல்.

"அமுக்கித்தான் திருப்பணுமா?" என்றார் நாகப்பன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எனக்கே இன்னிக்குத்தாமா தெரியும்."

விசிட்டர்கள் கைதட்டினார்கள். டி.வி.யில் சென்சாரின் விளக்கு அணைந்தது. அம்புக்குறி நகர்ந்து டைக்கு மேலே போய் மின்னியது. 'கையை உள்ளே நீட்டவும்.'

ஸ்ரீதரின் கை முன்னால் போய், பாதியில் நின்றது. அங்கே காற்றுதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஐந்து விரல்களும் விரிந்தபடி அந்தரத்தில் நின்றன.