நிலக்கரிக்குள் ஒரு ஜன்னல்

ஹேக்தார்ப் ஊரின் பள்ளிக்கூடம் 1974-ஆம் வருடம் ஈஸ்டர் விடுமுறையில் நிலக்கரிச் சுரங்கத்தைப் போய்த் தொட்டது. விடுமுறை முடிந்து வந்த ஐந்தாம் வருடப் பிள்ளைகள் கரி படிந்த ஜன்னலைத் துடைத்துப் பார்த்தபோது, எதிரே அவர்களுடைய அப்பன்மார் தலையில் விளக்கோடு குந்தி ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அன்று முதல் பாடம் பிரெஞ்சு. டீச்சர் பெயர் கூப்பிட்டு முடித்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.

அதற்கு முன்பு ஊரில் இரண்டு பள்ளிகள் இருந்தன. பதினோரு வயதில் ஒரு பரீட்சை. அதில் தேறிய பிள்ளைகள் மேட்டுப் பள்ளிக்குப் போய் லத்தீன் படித்தார்கள். தேறாதவர்கள் ரயில் பாதையோரப் பள்ளிக்குப் போய், பையன்கள் பலகை இழைக்கவும் பெண்கள் மரப்பொம்மையைக் குளிப்பாட்டவும் கற்றுக்கொண்டார்கள். 1968-இல் கவுன்சில்காரர்கள் இரண்டையும் மூடிவிட்டு, தேறினவன் தேறாதவன் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பள்ளி கட்டினார்கள். தட்டைக் கூரை, சுவரெல்லாம் கண்ணாடி. ஊரில் காலியாகக் கிடந்த ஒரே நிலம் சுரங்கத்துக்கு மேலே இருந்தது. கட்டடம் கொஞ்சம் இறங்கக்கூடும் என்று நிலக்கரி வாரியம் முன்கூட்டியே சொல்லியிருந்தது. பள்ளி வருடத்துக்கு ஒரு மாடி இறங்கியது. கவுன்சில் கோடை விடுமுறைதோறும் மேலே ஒரு மாடியைக் கட்டிக்கொடுத்து வாசல்கதவைக் கழற்றி உயரே மாட்டியதால், தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பதினோரு வயதில் மேல் மாடியில் சேர்ந்த பிள்ளைகள் தங்கள் வகுப்பறையோடு சேர்ந்து கீழே இறங்கி, ஐந்தாம் வருடம் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சுரங்கம் ஆயிரம் அடி ஆழமாயிற்றே, ஐந்து மாடியில் எப்படி வந்தது என்று கேட்ட கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் கடலோரத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார்.

மேட்டுத் தெருவின் வசதிக்கார ஆட்களுக்குத்தான் பொறுக்கவில்லை. வங்கி மேலாளர் ப்ளென்கின்ஸாப், தன்னைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்காவது கட்டடத்தின் இறங்காத பக்கத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்தார். பொறியாளர்கள் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். நாலு மூலையும் மயிரிழை பிசகாமல் ஒன்றுபோல இறங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த விஷயத்தில் கட்டடம் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை.

தொழிற்சங்கமும் பள்ளியும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. சுரங்கத்து ஆள் தன் சொந்தப் பிள்ளை இருக்கும் வகுப்பின் ஜன்னலை மட்டும் பார்க்கலாம், அதுவும் சாப்பாட்டு நேரத்தில். சுரங்கத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே சாக்குத் திரை தொங்க வேண்டும். கண்ணாடியைத் தட்டிப் பதில் சொல்வது கூடவே கூடாது. கடைசி விதியைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது. பள்ளிச் சமையலறையில் மிஞ்சிய கேக்கும் சூடான கஸ்டர்டும் ஜன்னல் வழியே அந்தப் பக்கம் போயின. பதிலுக்குப் பள்ளிக் கொதிகலனுக்குக் கரி இந்தப் பக்கம் வந்தது. இது உடன்பாட்டில் இல்லை என்பதால் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

டெனீஸ் ஓல்ட்ராய்டின் வகுப்பு 1976 செப்டம்பரில் கீழே வந்தது. அவளுடைய அப்பா க்ளெம் முதல் நாளே ஜன்னலுக்கு நேர் எதிரே இடம் பிடித்துக்கொண்டார். மகள் பாடத்தைக் கவனிக்கிறாளா, பக்கத்தில் உட்காரும் பையனோடு குசுகுசுக்கிறாளா என்று பார்க்கத்தான் வந்தார். அவரைப் பொறுத்தவரை அது அவளுக்குக் கடைசி வருடம். பதினாறுக்கு மேல் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஆறாம் படிவம் என்று இரண்டு வருடம் இருந்தது; ஓல்ட்ராய்ட் குடும்பத்தில் அதைப் படித்தவர் யாரும் இல்லை. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் எட்னா அத்தை, கோடைக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தாள். டெனீஸ் அந்த அத்தையின் விரல்களைப் பார்த்திருக்கிறாள். ஊசி ஏறி ஏறி, நுனியெல்லாம் செத்துப்போய், தேநீர்க் கோப்பை சுடுகிறதா இல்லையா என்பதை அத்தை உதட்டில் வைத்துத்தான் தெரிந்துகொள்வாள். மேலே படித்து என்னவாகப் போகிறாள் என்பது டெனீஸுக்கே தெரியாது. காலர் தைக்கக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அவள் தெருவில் அப்பாவை எதிர்த்து அழுதவள் எவளும் ஜெயித்ததில்லை. அதனால் அவள் அழவில்லை, காத்திருந்தாள்.

சுரங்கத்தின் சாப்பாட்டு நேரம் வரலாற்றுப் பாடத்தில் வந்து விழுந்தது. நடத்தியவர் மிஸ் ஸ்னெல். ஒல்லியான, அவசரமே படாத மனுஷி. பிரெஞ்சு தேசத்து ராஜா ஒருவனின் கதையை இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தவர், பனி உருகும்வரை அவனை அரண்மனையை விட்டு வெளியே விடவில்லை. க்ளெம் முதல் வாரம் மகளைப் பார்த்தார். இரண்டாம் வாரம் கரும்பலகையைப் பார்த்தார். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ரொட்டியைக் கடிக்க மறந்து கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அந்த நாட்டுல வரியே கட்டாதவங்க யாரு? யாராவது சொல்லுங்க," என்று மிஸ் ஸ்னெல் ஒருநாள் கேட்டார்.

கண்ணாடி டொக் டொக்கென்றது. "எங்க மேனேஜர்!"

"மிஸ்டர் ஓல்ட்ராய்ட், கை தூக்கிட்டுப் பேசுங்க. அதோட, பதில் தப்பு."

"தப்பா? நீங்க அந்த ஆளைப் பார்த்ததில்ல மிஸ்."

அவர் சொன்ன பதில்கள் எல்லாமே தப்புதான். ஒன்றுகூடச் சரியில்லை. அதனால் அவருடைய உற்சாகம் எள்ளளவும் குறையவில்லை. அந்த ராஜா ஓய்வு நேரத்தில் அரம் பிடித்துப் பூட்டு செய்வான் என்று மிஸ் ஸ்னெல் போகிற போக்கில் சொன்ன தினத்திலிருந்து க்ளெமுக்கு அவன்மீது ஒரு இது வந்துவிட்டது. சோம்பேறிதான், பெண்டாட்டி பேச்சைக் கேட்கிறவன்தான், இருந்தாலும் கைவேலை தெரிந்தவன் என்று சுரங்கம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மே மாதம் கடைசிப் பாடம். ராஜா வேலைக்காரன் வேஷம் போட்டுக் குடும்பத்தோடு வண்டியேறி இரவோடிரவாக ஓடுகிறான். எல்லை கூப்பிடு தூரம். சின்ன ஊரொன்றில் குதிரை மாற்ற வண்டி நிற்கிறது. ஒருத்தன் வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறான். இந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசிக்கிறான். மணி அடித்தது. மிஸ் ஸ்னெல் புத்தகத்தை மூடினார். "பரீட்சைக்கு இவ்வளவு போதும். மிச்சம் ஆறாம் படிவத்துல." க்ளெம் கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்தவர், வறுத்த உருளைக்கிழங்கைத் தொடாமல் மகளைப் பார்த்தார். "ஏன் புள்ள, அவனைப் புடிச்சிட்டாங்களா?"

டெனீஸ் நிதானமாக ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "யாரைப்பா?"

"நடிக்காத. ராஜாவை."

"எனக்குத் தெரியும். புத்தகத்தைக் கடைசிவரைக்கும் படிச்சிட்டேன். சொல்லட்டுமா?"

க்ளெம் பதறிப்போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவர் அப்படிப்பட்ட ஆள். சனிக்கிழமை மதிய ஷிப்ட் விழுந்துவிட்டால், ரக்பி ஆட்டத்தின் முடிவை எவனாவது சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று காதைப் பொத்திக்கொண்டே தெருவெல்லாம் நடந்து வீடு சேர்ந்து, மறுநாள் தொலைக்காட்சியில் பார்ப்பார். ஒருமுறை வாய் தவறி முடிவைச் சொல்லிவிட்ட மைத்துனனோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

"இங்க பாருப்பா," என்றாள் டெனீஸ், அவர் காதுகளுக்கு எட்டும்படி சத்தமாக. "ஆறாம் படிவத்துக்குப் போறதெல்லாம் மேட்டுத் தெருப் பிள்ளைங்க. சுரங்கத்துப் பிள்ளை ஒண்ணுகூட இல்ல. ஜன்னல்ல சாக்கு விழுந்துரும். நான் போனா சாக்கு விழாது. நான் காலர் தைக்கப் போனேன்னு வை, முதல் நாள் காலைல கிளம்பும்போது வாசல்ல நின்னு முடிவை உனக்குச் சொல்லிட்டுத்தான் போவேன். தெருவுக்கே கேக்குற மாதிரி."

"பெத்த அப்பனை மிரட்டுறியாடி?"

"ஆமா."

அம்மா மேவிஸ் அடுப்படியிலிருந்து திரும்பவே இல்லை. சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கியது. "ஏன்யா க்ளெம், கிழங்கு ஆறுது. உன் புத்தி அப்படியே அவளுக்கு வந்திருக்கு, யார்கிட்ட போய் சண்டை போடப் போற?"

க்ளெம் ஒரு மாதம் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கூடப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே ராஜா பிறந்த வருடமும் செத்த வருடமும் போட்டிருப்பார்களோ என்ற பயத்தில் திறக்காமலே திருப்பி வைத்துவிட்டார். பரீட்சை நாட்களில் பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று கரி வெட்டும் எந்திரத்தை நிறுத்திவிட்டு, சுரங்க மேலாளரிடம் பல் சக்கரம் உடைந்துவிட்டதாகச் சொன்னார். ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு எட்னா அத்தை வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்பது யாருக்கும் தெரியாது. சொல்லி வைத்த இடம் வீணாயிற்றே என்று அத்தை அவரைத் தெருமுனைவரை திட்டிக்கொண்டே வந்ததை மட்டும் ஊர் பார்த்தது.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. கோடை முடிந்து பள்ளி இன்னும் ஒரு மாடி இறங்க, ஆறாம் படிவ அறை சுரங்கத்தின் அடியிலிருந்த கீழ்ப்படுகைக்குப் போய்விட்டது. அந்தச் சுரங்கத்திலேயே மோசமான இடம் அது. குனிந்துகூட நிற்க முடியாது, தவழ வேண்டும். தவழ்ந்தால் முழங்கைவரை தண்ணீர். அங்கே போடப்பட்டவர்கள் எல்லாம் எதற்காகவோ தண்டனை வாங்கினவர்கள். க்ளெம் மேற்பார்வையாளர் கிளெக்கிடம் போய் மாற்றல் கேட்டார்.

"உனக்கு மண்டை கிண்டை குழம்பிருச்சா? உன் வயசுல எல்லாரும் மேல போகணும்னு கால்ல விழுறாங்க. நீ கீழ போறேங்கிற?"

"ராஜா வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கான்யா," என்றார் க்ளெம். "மே மாசத்துலேருந்து உட்கார்ந்திருக்கான்."

கிளெக் பேனாவைத் தேடி எடுத்தார். அவரும் சில நாள் விளக்கை அணைத்துவிட்டு க்ளெமின் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டவர்தான். மாற்றல் கிடைத்தது. தனக்கும் சேர்த்தே போட்டுக்கொண்டார்.

செப்டம்பரில் ஆறாம் படிவத்தில் மேட்டுத் தெருப் பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். டெனீஸ் ஜன்னலோரத்தில் தனியாக உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரத்தில் வெளியே தண்ணீர் சளப் சளப்பென்னும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு விளக்கு, அதன் கீழே க்ளெமின் முகம், சேற்றில் ஊறிய காலுறை. அவர் ரொட்டி டப்பாவைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்திருந்தார். பின்னால் இருளில் விளக்கணைத்த தலைகள் நிறைய இருந்தன. விதிப்படி அவை இல்லாதவை. மிஸ் ஸ்னெல் எழுந்துபோய் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்தார். கரித்தூள் வந்தால் வரட்டும், பின்வரிசைக்குக் காது கேட்க வேண்டுமே என்றார்.

முதல் ஐந்து நிமிடத்தில் ராஜா பிடிபட்டான். க்ளெம் "நினைச்சேன்," என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் சரியான பதில் அது. ஆனால் யாரும் கேள்வி கேட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு மிஸ் ஸ்னெல் வழக்கம்போல நடந்தார். ராஜாவைத் தலைநகருக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு மாதம், சிறை வைக்க இன்னொரு மாதம். கீழ்ப்படுகையில் ஆட்கள் இரண்டு கட்சியானார்கள். ராஜா என்றாலே ஒழிய வேண்டியவன்தான் என்று கிளெக் கட்சி. பூட்டு செய்யத் தெரிந்தவனுக்கு வேலை கொடுத்து ஒரு பட்டறையில் உட்கார வைத்தால் போதும் என்று க்ளெம் கட்சி. ப்ளென்கின்ஸாப்பின் மகன் ஒருநாள், "மிஸ், கடைசில எப்படியும் அவனை..." என்று வாயெடுத்தான். டெனீஸ் மேசைக்கடியில் விட்ட உதையில் அவன் இரண்டு வாரம் நொண்டினான். எல்லை தாண்டாமல் நடந்துகொள்ளும்படி ஹெட்மாஸ்டர் அவளைக் கண்டித்தார். ஜன்னலுக்கு வெளியிலிருந்து கைதட்டல் வந்தது.

ஜனவரியில் ஒரு பகல். மிஸ் ஸ்னெல் அன்று மெதுவாகப் பேசவில்லை. வண்டி, மழைக்குளிர், முரசு, மேடை, கழுத்தில் விழுந்த கத்தி என்று நாலே வாக்கியத்தில் முடித்துவிட்டார். வெளியே தண்ணீர்கூடச் சொட்டவில்லை. க்ளெம் ரொட்டியை எடுத்து டப்பாவுக்குள் திரும்ப வைத்து மூடினார்.

"அவ்வளவுதானா மிஸ்?"

"அவ்வளவுதான் மிஸ்டர் ஓல்ட்ராய்ட்."

"பூட்டெல்லாம் என்னாச்சு? அவன் செஞ்ச பூட்டு?"

மிஸ் ஸ்னெலுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார். டெனீஸ் ஜன்னல் சந்தில் கையை நீட்டி அப்பாவின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டாள். "அடுத்த வருஷம் வரைக்கும் பாடம் இருக்குப்பா. இன்னும் நிறையப் பேர் தலை போகணும்," என்றாள். க்ளெம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அப்படியானால் அவள் அடுத்த வருடமும் வந்தாக வேண்டும், அதில் பேச்சே இல்லை என்றார்.

அன்று மிச்ச ஷிப்டில் கீழ்ப்படுகையில் யாரும் கருவியைத் தொடவில்லை. இரண்டு கட்சியும் ஒன்றாகத் தண்ணீரில் உட்கார்ந்து ஒருவன் கொண்டுவந்த புகையிலையை மென்றன. மேலே வந்ததும் கிளெக் அன்றைய கணக்கை எழுதினார். கரி குறைந்ததற்குக் காரணம் என்ற கட்டத்தில், வேறெதுவும் தோன்றாமல், "அரசர் இறந்துவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்தார். அப்போது நாட்டை ஆண்டது ஒரு ராணி; இருந்தும் எந்த அரசர் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. இருட்டும்வரை சுரங்கத்து வாசலில் கொடி பாதிக் கம்பத்தில் பறந்தது.