கெர்கோ குடித்த பால் பவுடர்

மூன்று வாரமாக எனிக்கோவின் படங்களெல்லாம் கன்னங்கரேலென்றுதான் வந்தன.

செகெத் நகர ஆய்வகத்தில் அவள் நான்கு வருடமாகக் கட்டிக்கொண்டு அழுதது சிடிகே-9 என்கிற புரதத்தை. செல்லுக்குள் மரபணுவை நகலெடுக்கும் எந்திரம் கிளம்பிய கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். சிடிகே-9 போய் அதன் வாலில் பாஸ்பேட் ஒட்டினால்தான் மறுபடி நகரும். அந்தப் பாஸ்பேட்டை மட்டும் தேடிப் பிடிக்க ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புரதம் ஒன்று இருக்கிறது. செல்லின் புரதங்களை ஒரு சவ்வில் ஏற்றி, வெற்றிடங்களில் எதுவும் ஒட்டாதபடி பாலில் ஊறவைத்து, ஆன்டிபாடியை ஊற்றினால் படத்தில் ஒரே ஒரு கோடு விழவேண்டும்.

வியாழக்கிழமைக்குள் கோடு விழாவிட்டால் சிடிகே-9-ஐ மூட்டை கட்டிவிட்டு வேறு ஆராய்ச்சிக்கு ஈ வளர்க்கப் போகச் சொல்லிவிட்டார் ஆய்வகத் தலைவி இபோயா. ஈ என்றாலே எனிக்கோவுக்குக் குமட்டும்.

செவ்வாய்க்கிழமை ஆகஸ்ட் இருபது, அந்நாட்டின் தேசிய விடுமுறை. அன்றும் வந்து சவ்வைத் தயார் செய்து பால் பவுடர் டப்பாவைத் திறந்தாள். காலி. மூடியில் சிவப்பு மையில் 'குடிக்காதே' என்று அவளே எழுதியிருந்தாள். பக்கத்து மேசைக் கெர்கோ காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பாலுக்குப் பூனை காவல்!

"எருமை, மூடியில எழுதினது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. காப்பி கசந்துது, அதான்."

ஊரில் கடையெல்லாம் அடைப்பு. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, குளிர்பெட்டியில் கிடந்த ஆல்புமின் என்கிற வேறொரு புரதப் பொடியைக் கரைத்து அதில் சவ்வை ஊறப்போட்டாள். வேறு வழி?

புதன்கிழமை காலை படத்தில் ஒரு கோடு. ஒரே கோடு, சுத்தமாக. சிடிகே-9-ஐ மருந்தால் முடக்கிய செல்களுக்கு அதுவும் இல்லை; அப்படியானால் கோடு நிஜம்தான். எனிக்கோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் கூட்டத்தில், என்ன மாற்றினாய் என்று இபோயா கேட்டார். பால் இல்லை, அதனால் ஆல்புமின் போட்டேன் என்றாள். இபோயா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பால் புரதத்துலயே பாஸ்பேட் கொட்டிக் கிடக்கே! ஆன்டிபாடி அங்கெல்லாம் போய் ஒட்டிக்கிட்டிருக்கு. எல்லாத்துக்கும் பால்தான்னு இங்க பழக்கினதே நான்தான். சரி, ஈயெல்லாம் வேண்டாம், இதையே பாரு. பாலை நிறுத்தச் சொன்ன புத்திசாலி யாரு?"

எனிக்கோ கெர்கோவைப் பார்த்தாள்; எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் கோப்பையை மேசைக்கடியில் ஒளித்தான்.

திங்கட்கிழமை அவன் மேசையில் புது டப்பா இருந்தது. மூடியில் அதே சிவப்பு மை: 'குடிக்க மட்டும்.'