மூன்றாவது கிளட்ச் பிளேட்

மருதப்பனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏழே மாதத்தில் மூன்றாவது கிளட்ச் பிளேட் தேய்ந்து போயிருந்தது. ஜாலான் புசார் சந்துக்குள் இருந்த பட்டறையில், மெக்கானிக் அப்துல் கஃபார் அதைக் கழற்றித் துணியால் துடைத்து அவன் கையில் வைத்தார். கருகல் வாடை இன்னும் போகவில்லை.

“மோந்து பாரு. நீ கார் ஓட்டல தம்பி, கரியில சத்தே கறி சுடுற.”

“நான் வேகமாவே போறதில்லையே பாய்.”

“அதான்யா வினையே! இது ஓடப் பொறந்த வண்டி. முதல் கியர்லயே மனுஷன் கூட ஓடி வர முடியாது. இதைப் போயி கல்யாண ஊர்வலத்துல நாயனக்காரன் பின்னாடி நடக்க வெச்சா? முழுத் தூரமும் அரைக் கிளட்ச். தேயாம என்ன செய்யும்? கிளட்ச்லேர்ந்து காலை எடு, காலை எடுன்னு எத்தனை தடவ சொல்றது!”

மருதப்பன் கடற்படைத் தளத்தில் ஸ்டோர் கீப்பர். அறுபத்திரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஊருக்குக் கப்பலேறிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், அந்தக் கூரையில்லாத இரண்டு சீட்டுக் காரை அவனிடம் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போனார். வாங்கியது என்னவோ சல்லிசுதான். யானையை வாங்கின பிறகல்லவா தீனி தெரியும்! பெட்ரோல், ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு பக்கம். கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் என்ஜினையே வெளியே தூக்க வேண்டும். பிளேட்டும் கூலியுமாக அவன் சம்பளத்தில் பாதி போய்விடும்.

சிராங்கூன் ரோட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளைக்கு அந்தக் கார்தான் வேண்டும். மருதப்பனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. ஒரு காசு வாங்க மாட்டான். ஒரு துண்டு, ஒரு தாம்பூலத் தட்டு, “மாப்பிள்ளை நம்ம மருதப்பன் கார்லதான் வந்தாரு” என்ற ஒரு பேச்சு. அந்தப் பேச்சுக்காக அவன் உயிரையே கொடுப்பான், கிளட்ச் எம்மாத்திரம்?

“இப்ப மாட்டுறதுதான் ஊருல இருந்த கடைசி பிளேட்டு,” என்றார் கஃபார். “இனிமே சீமையிலேர்ந்து கப்பல்ல வந்தாதான்.”

அவன் மனைவி சரஸ்வதி அன்றைக்கே சொல்லிவிட்டாள். “இதோட மூணு. இந்தப் புதுப் பிளேட்டும் போச்சுன்னா கார் வீட்டுல இருக்கக் கூடாது. கத்தோங்ல இருக்குற டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துடுவோம்.” மருதப்பன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு வந்த இரண்டு கல்யாண வீட்டுக்காரர்களிடம், கண்ணைப் பார்க்காமல் முடியாது என்று சொல்லி அனுப்பினான்.

மூன்றாவது வாரம் கஃபாரே பத்திரிகையோடு வந்தார். மூத்த மகன் நூருல் அமீனுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ்.

“மாப்பிள்ளை எதுல போறாரு பாய்?”

“நடந்துதான். பொண்ணு வீடு நாலு தெரு தள்ளித்தானே.”

போகும்போது வாசலில் நின்ற காரின் மட்கார்டில் இருந்த தூசியைத் தோள்துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார். ஊரே காரைக் கேட்டது. அந்தக் கிளட்ச்சின் அருமை தெரிந்த ஒரே மனிதர் கேட்கவில்லை.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“பாய் கேட்டாரா?” என்றாள் சரஸ்வதி.

“கேக்கல.”

“அதான் சோறு எறங்கல.”

“நாலு தெரு, சரசு. அரைக் கிளட்ச்ல போனா பிளேட் கருகிடும்.”

“நடக்குற வேகத்துக்கு என்ஜின் எதுக்குங்க? நியூட்ரல்ல போட்டுத் தள்ளிட்டுப் போங்க.”

மருதப்பனுக்குச் சுருக்கென்றது. “தள்ளுறதா? வண்டி படுத்துடுச்சுன்னு பாக்குறவன் சிரிக்க மாட்டான்? என் மானம் என்னாவுறது?”

“மானம் கொஞ்சம் தேஞ்சா என்ஜின எறக்க வேணாம்ல,” என்று சொல்லிவிட்டு அவள் ரசத்தை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பும் நேரம். பளபளவென்று துடைத்த கார் கஃபார் வீட்டு வாசலில் வந்து நின்றது. கஃபாருக்குக் கோபம் தலைக்கேறியது.

“கிறுக்கா உனக்கு? திருப்பு வண்டியை!”

மருதப்பன் என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினான். “நீங்க ஏறுங்க பாய். ஸ்டியரிங்கப் புடிங்க. நாங்க தள்ளுறோம்.”

மூன்று முறை அந்த என்ஜினைத் தூக்கி இறக்கியவர், சந்து முனைக்கு அப்பால் அந்தக் காரை ஓட்டியதே இல்லை. ஏறி உட்கார்ந்தார். மாலையோடு மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தான். தப்ஸ் கொட்டு முழங்க, பைத்துப் பாட்டுப் பாடியவர்கள் முன்னால் நடந்தார்கள். மாப்பிள்ளையின் தோழர்கள் நாலு பேரோடு மருதப்பனும் பின்னால் கை கொடுத்தான்.

முதல் தெரு முனையிலேயே காப்பிக்கடை மாணிக்கம் கூவிவிட்டான். “என்ன மருதப்பா, காரு செத்துப் போச்சா லா?”

கடையே சிரித்தது. மருதப்பனுக்குக் காது சுட்டது. பத்தடி தூரம் தரையையே பார்த்துத் தள்ளினான். பிறகு நிமிர்ந்தான். முன்னால் கஃபார் நிமிர்ந்த முதுகோடு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, மகனை ஒரு தரம் பார்ப்பதும் ரோட்டை ஒரு தரம் பார்ப்பதுமாக இருந்தார்.

“காரு நல்லாத்தான்யா இருக்கு!” என்று மருதப்பன் திருப்பிக் கத்தினான். “நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன், தள்ளுறேன்! சும்மா நிக்கிறியே, நீயும் வந்து புடி!”

மாணிக்கம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். கடையில் சிரித்தவர்களில் இரண்டு பேரும் வந்தார்கள். கார் பூப்போல நகர்ந்தது.

பெண் வீடு நெருங்கும்போது மருதப்பன் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். என்ஜின் ஓடாத காரில் கஃபாரின் இடது கால் கிளட்ச்சை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தது. கன்னம் நனைந்திருந்தது.

“பாய்,” என்றான் மருதப்பன், “காலை எடுங்க!”

கஃபார் சிரித்தபடி தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். காலை மட்டும் எடுக்கவில்லை.