சாதா லென்ஸ்

காலையிலிருந்தே தங்கைக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. எரியாமல் என்ன செய்யும்? அவள் எடுத்த படத்தைத்தான் பெண்வீட்டார் கல்யாண ஆல்பத்தின் அட்டைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அண்ணனோ வாய் கூசாமல், "அது நம்ம பெரிய லென்ஸ்ல எடுத்ததுங்க" என்று அளந்துவிட்டான்.

ஸ்டூடியோ அண்ணனுடையது. பீரங்கி மாதிரி நீண்டிருக்கும் அந்தப் பெரிய லென்ஸைத் தங்கை தொடக் கூடாது. அவளுக்கு வாய்த்தது, கேமராவோடு அதே பெட்டியில் வந்த சாதா லென்ஸ். தூரத்தில் நின்றால் அதில் ஒன்றும் தேறாது. அதனால் கல்யாணப் பெண்ணின் மூக்குக்கு முன்னால் போய், ஜன்னலுக்கு முதுகு காட்டிக் குந்தி உட்கார்ந்துதான் அந்தச் சிரிப்பைப் பிடித்தாள். அண்ணன் அந்நேரம் மண்டபத்துக் கடைசியில் பீரங்கியோடு நின்று எல்லாருக்கும் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தான்.

"ஆல்பத்துல என் பேரைப் போடுண்ணா. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"சாதா லென்ஸ்ல எடுத்ததுனு தெரிஞ்சா நாளைக்கு நம்மள எவன் கூப்பிடுவான்? சும்மா கிட."

அவள் கணினியில் படத்தைப் பெரிதாக்கினாள். பெண்ணின் கருவிழியில் ஜன்னல் தெரிந்தது. அதன் முன்னால், முழங்கைகளை மடக்கிக் குந்தியிருக்கும் ஒருத்தியும் தெரிந்தாள்.

"இது யாருண்ணா? நீயா?"

அண்ணன் குனிந்து திரையைப் பார்த்துவிட்டு நகர்ந்தான். அச்சுக்கு அனுப்பும் முன் படத்தில் பெண்ணின் இரண்டு கண்ணிலும் தெரிந்த ஜன்னலையும் உருவத்தையும் சுத்தமாகத் துடைத்துவிட்டான். அது அவளுக்குத் தெரியாது.

ஆல்பம் வந்த அன்று பெண்ணின் அம்மா ஸ்டூடியோவில் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்னங்க இது, கண்ணுல உயிரே இல்ல? அன்னிக்குக் காட்டுனப்ப நல்லா இருந்துச்சே!"

அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது தங்கச்சி எடுத்ததுங்க. சாதா லென்ஸ். அதுல அவ்வளவுதான் வரும்."

தங்கை அட்டையை எட்டிப் பார்த்தாள்; கண்ணில் ஜன்னலும் இல்லை, அவளும் இல்லை. பொத்துக்கொண்டு வந்தது. நல்ல பெயர் என்றால் பீரங்கிக்கு, கெட்ட பெயர் என்றால் மட்டும் தங்கச்சிக்கா? பாவி! விறுவிறுவென்று போய்த் தன் மெமரி கார்டைச் செருகி, பழைய படத்தைத் திறந்தாள்.

"நான் எடுத்தது இதுங்க. கண்ணைக் கெடுத்தது லென்ஸ் இல்ல, இவன்."

அந்த அம்மா திரையை நெருங்கிப் பார்த்தாள். "இதேதான்! இதையே அட்டையில போட்டுக் குடுங்க."

"போடலாங்க. என் பேரோட."

"சரி சரி, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அண்ணன் பல்லைக் காட்டினான்.

"அப்புறம் இல்ல. இப்பவே அடி. நான் பார்க்கணும்."

வாடிக்கையாளர் முன்னால் அவனால் மல்லுக்கட்ட முடியவில்லை. கீபோர்டை இழுத்து அவள் பெயரை அடித்தான். பிறகு, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தானோ என்னவோ, அதற்கு முன்னால் 'உதவி' என்று சேர்த்தான்.

தங்கை அவன் கையைத் தட்டிவிட்டாள். அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தானே அழித்துவிட்டு, 'படம்' என்று அடித்தாள்.